பட்டினி இருக்கக் கூடாத பிள்ளை

விருதுநகர் வட்டாரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறவர்கள் போன மாதம் ஒரு கூட்டம் போட்டு, எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்தட்டும். போர்த்த வேண்டிய ஆளுக்குத்தான் போர்த்தியிருக்கிறார்கள். சாப்பாடு முடிந்ததும் திருத்தங்கலில் புதிதாக லேப் திறந்த பையன் ஒருவன் கையில் ரிப்போர்ட்டோடு வந்தான். இப்போதெல்லாம் பிறந்த பிள்ளையின் குதிகாலில் குத்தி, ஒரு அட்டையில் ரத்தத்தைச் சொட்டவிட்டு, காயவைத்துப் பெரிய ஊருக்குக் கொரியரில் அனுப்புகிறார்கள். அங்கே மெஷின் ஒரே ஓட்டத்தில் பல நோயைப் பார்த்துச் சொல்லிவிடுகிறது. அப்படி வந்த ரிப்போர்ட் அது.

“ஐயா, இதுல கார்னிடைன்னு ஒண்ணு போட்டிருக்காகளே. ஜிம்முக்குப் போறவனுக கொழுப்பு கரையணும்னு வாங்கிக் குடிக்கிற பவுடர்தான இது? இத எதுக்குப் பச்சப் பிள்ளைக்குப் பாக்காக?”

“ஏலே, அந்தப் பிள்ளையும் ஜிம்முக்குப் போகப் போகுதோ என்னமோ” என்றான் பக்கத்தில் நின்றவன். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மூக்கில் மீன் வாடை அடித்தது. அன்றைக்கு அங்கே போட்டது சாம்பார் சாதமும் அப்பளமும்.

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, “என்னன்னு எழுதிக் குடுங்கய்யா, நம்ம சங்க மலர்ல போடுவோம்” என்றார்கள். எழுதுகிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்லுகிற விஷயத்தில் பிழை இருக்காது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. மீசை முளைத்ததும் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் சேர்ந்தேன். ஆலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெடிமருந்து கலக்கிற அறையிலிருந்து, திரி வைத்து அடைக்கிற அறைகளுக்கு மருந்து சுமந்து கொடுக்கிற வேலை. ஒரு நாள் நான் அப்போதுதான் கொடுத்துவிட்டுத் திரும்பிய அறை, எனக்குப் பின்னால் இல்லாமல் போனது. சத்தம் கேட்டதாகக்கூட எனக்கு நினைவில்லை. திரும்பிப் பார்த்தேன், அறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. மறுநாள் விருதுநகருக்கு வந்து ஒரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். பெருக்கிக்கொண்டே பார்த்தேன், பார்த்துக்கொண்டே கற்றேன். பிற்பாடு சான்றிதழும் வாங்கினேன், சொந்த லேப்பும் வைத்தேன், இரண்டு மாடி கட்டினேன். நரம்பு கிடைக்கவில்லை என்று மதுரைக்கு அனுப்ப இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் இந்தக் கைதான் ஊசி ஏற்றியது. இந்த ஜில்லாவில் முப்பது வயதுக்கு உட்பட்ட ஆட்களில் பாதிப் பேரை நான் அழவைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் என்னைச் செதுக்கினது அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான். அதை மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்த அம்மா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நமக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். அவருக்கு இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் உதடுதான் அசையும், பக்கத்தில் போய்க் குனிந்துதான் கேட்க வேண்டும். ரிசல்ட்டில் சந்தேகம் வந்தால் ஒரே வார்த்தை. “மறுபடி.” ஏன் என்று சொல்ல மாட்டார். பிள்ளையின் பேர் எழுதாத குழாயில் ரத்தம் எடுத்தால், அதை அப்படியே கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். பேரை முதலில் எழுத வேண்டும், ரத்தம் அப்புறம்தான்.

இன்னொரு சட்டம் வைத்திருந்தார். அதற்கு நாங்கள் ‘முதல் ரத்தம்’ என்று பேர் வைத்திருந்தோம். மயங்கி வருகிற பிள்ளைக்கு சுகர் குறைந்திருக்கிறதென்று தெரிந்தால் உடனே குளுக்கோஸ் ஏற்றத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். அவர் அப்படி விடமாட்டார். ஊசி உள்ளே போனதும் முதலில் குழாய்களில் ரத்தம் வாங்க வேண்டும், அதே ஊசி வழியாக அடுத்த நொடியே குளுக்கோஸ். “தண்ணி ஊத்தி அணைச்ச பிறகு தீ எங்க பிடிச்சதுன்னு தேடாதீங்க குருசாமி” என்பார். பட்டாசு ஆபீசில் இருந்தவனுக்கு அது நன்றாகவே விளங்கும். அதே மாதிரி, அந்தப் பிள்ளை முதலில் பெய்கிற மூத்திரத்தையும் பிடித்துவிட வேண்டும்.

இனி அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன்.

பங்குனி மாதம், காலை நேரம். வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. ஆமத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்கள். தோட்டம், கிணறு, இரண்டு ஜோடி மாடு என்று வசதியான சம்சாரி வீடு. அவர் பேர் வேலுச்சாமி. பெண்சாதி செல்வராணி, அவருடைய சொந்த அக்கா மகள். மூன்று பேர் உடம்பிலும் மஞ்சள் துணி, மூன்று பேர் கையிலும் மஞ்சள் காப்பு. ஊர் அம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். செல்வராணி தோளில் நாலு வயதுப் பெண்பிள்ளை தொங்கியது. முத்துமாரி. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

வேலுச்சாமி கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். “நான் உள்ள வரக் கூடாது. காப்புக் கட்டிருக்கு, தீட்டு” என்றார். அந்த வெயிலில் செருப்பு இல்லாமல் தார் ரோட்டில் நின்றார். கால் சுட்ட மாதிரியே தெரியவில்லை.

“எப்ப இருந்து இப்படி இருக்கா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“காலைல எழுப்புனேன். எந்திரிக்கல” என்றாள் செல்வராணி. அழவில்லை. ஏற்கெனவே பழகின ஒன்றைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். “மூத்தவனும் எந்திரிக்கல. சின்னவனும் எந்திரிக்கல. இவ மூணாவது.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “எப்போ?”

“அம்மன் பொங்கலுக்குத்தான். வேற எப்ப?”

வேற எப்ப என்று அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளைகள் சாவதற்கென்றே ஒரு நாள் இருக்கிற மாதிரி கேட்டாள்.

நான் அதற்குள் ரப்பர் பட்டையைக் கட்டியிருந்தேன். கை ஜில்லென்று இருந்தது. புறங்கையில் நூல் மாதிரி ஒரு நரம்பு. ஒரே குத்து. குழாய்களை நிரப்பினேன், சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்தேன். முப்பதுக்கும் கீழே. குளுக்கோஸ் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணில் பார்வை வந்து உட்கார்ந்தது. உதடு அசைந்தது. “பசிக்கி” என்றது பிள்ளை.

செல்வராணி என் காலில் விழப்போனாள். டாக்டரம்மா பிள்ளையின் வயிற்றில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. ஈரல் விலாவுக்குக் கீழே இறங்கி வந்து கிடந்தது. மெலிந்த பிள்ளைக்கு எதற்கு இம்புட்டுப் பெரிய ஈரல்?

மூத்திரம் பிடித்து வந்து ஸ்ட்ரிப்பை முக்கினேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், சாப்பிடாமல் இருக்கிற உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். எரிந்ததன் அடையாளமாகக் கீட்டோன் மூத்திரத்தில் இறங்கும். அந்தக் கட்டம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். முதல்நாள் சாயங்காலத்திலிருந்து பட்டினி கிடந்த பிள்ளை. ஸ்ட்ரிப் கருகருவென்று மாற வேண்டும். மாறவே இல்லை. பாட்டிலில் இருந்து எடுத்தபோது என்ன நிறமோ அதே நிறம்.

“மறுபடி” என்றார்.

எனக்கு ரோசம் வந்தது. என் கையால் முக்கின ஸ்ட்ரிப் பொய் சொன்னது கிடையாது. மறுபடி முக்கினேன். அப்படியே இருந்தது. “புது பாட்டில் உடைச்சு.” உடைத்தேன். அப்படியே இருந்தது.

டாக்டரம்மா செல்வராணியிடம் திரும்பினார். “நீங்களும் விரதமா?”

“ஆமா டாக்டர். அவளுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது.”

“நீங்க போய்க் கொஞ்சம் பிடிச்சிட்டு வாங்க.”

அதே பாட்டிலில் இருந்து ஒரு ஸ்ட்ரிப். முக்கி எடுத்த கொஞ்ச நேரத்தில் கத்தரிப்பூ நிறம் ஏறி, இருண்டு போனது. இரண்டையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே வீடு, ஒரே விரதம். தாயின் உடம்புக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. மகளுடைய அடுப்பில் நெருப்பே இல்லை. எத்தனையோ ரிசல்ட் பார்த்தவன் நான். அந்த வெளிறின கட்டத்தைப் பார்த்தபோது, ஆள் குடியிருக்கிறதென்று நினைத்துக் கதவைத் தட்டின வீடு பாழடைந்து கிடந்த மாதிரி இருந்தது.

“பையன்கள் போன கதையைச் சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா. குரல் இறங்கியிருந்தது.

செல்வராணி சொன்னாள். அந்த வீட்டு வழக்கம், தீச்சட்டி எடுப்பதற்கு முதல்நாள் சாயங்காலத்திலிருந்து, மறுநாள் உச்சிக்குச் சட்டி இறங்கும்வரை பிள்ளைகளும் பச்சைத் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். வயது நாலு முடிந்தால் ஆரம்பம். மூத்தவன் முதல் விரதத்தில் பசி தாங்காமல் அழுதான். வேலுச்சாமி மனசு கேட்காமல் யாருக்கும் தெரியாமல் ஒரு முறுக்கு கொடுத்துவிட்டார். காலையில் பையன் எந்திரிக்கவில்லை. விரதம் முறிந்ததால் அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று முடிவாயிற்று. அதனால் சின்னவனுக்கு முறை வந்தபோது வேலுச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றுமே கொடுக்கவில்லை. பையன் அழுது ஓய்ந்து தூங்கினான். அவனும் எந்திரிக்கவில்லை. இந்தத் தடவை என்ன குத்தம் என்று தேடினார்கள். அன்றைக்கு அடுத்த தெருவில் யாரோ மீன் குழம்பு வைத்த வாடை வீட்டுக்குள் வந்ததாம். அதுதான் என்று முடிவாயிற்று.

டாக்டரம்மா எங்களைக் கூட்டிவைத்து அன்றைக்குச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன், புதுப் பையன்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டாசு ஆபீசில் மருந்து கலக்கிற அறை தனி, அடைக்கிற அறை தனி. அடைக்கிற அறையில் மருந்தைக் குவித்து வைக்க விட மாட்டார்கள். என்னை மாதிரி ஒருத்தன் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து அடுத்ததை எடுக்க வேண்டும். நான் வரவில்லை என்றால் அங்கே மருந்து குவிந்து கிடக்கும், இங்கே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எரிக்கிற அறை ஒன்று உண்டு. கொழுப்பு தானாக அதன் சுவரைத் தாண்டாது. தூக்கிக்கொண்டு போய் உள்ளே விடுகிற ஆள்தான் கார்னிடைன். கறியில் நிறைய இருக்கிறது, பாலில் கொஞ்சம் இருக்கிறது, நம் உடம்பும் செய்துகொள்ளும். சாப்பிட்ட சுகர் தீர்ந்தபிறகு இதயமும் சதையும் கொழுப்பை எரித்துத்தான் ஓடும். ஈரல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் செய்து மூளைக்கு அனுப்பும். தூங்கும்போதுகூட நம்மை உயிரோடு வைத்திருக்கிற வேலை அது.

சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அந்த ஆளைச் செல்லுக்குள் சேர்த்துக்கொள்கிற வாசல் பழுது. அவ்வளவும் மூத்திரத்தில் போய்விடும். வேளாவேளைக்குச் சாப்பிடுகிற வரைக்கும் வெளியே ஒன்றும் தெரியாது. பட்டினி போட்டால்தான் தெரியும். சுகர் தீர்ந்துபோகும், கொழுப்பு ஈரலில் குவிந்து கிடக்கும், எரிக்க ஆள் இருக்காது. பிள்ளை தூங்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். நெருங்கின சொந்தத்தில் கட்டின வீட்டில் இது வர வாய்ப்பு கூடுதல். உனக்கும் சொல்லிவிடுகிறேன் திருத்தங்கல் தம்பி. தேவையான ஆள் இருக்கிற உடம்பில் இன்னும் நாலு ஆளை இறக்கினால் அடுப்பு கூடுதலாக எரியாது. உன் ஜிம்முக்காரன் காசைத்தான் கரைக்கிறான்.

முதல் ரத்தத்தில் இருந்து அட்டையில் சொட்டவிட்டு அனுப்பினோம். அப்போதே பெரிய ஊரில் அந்த மெஷின் வந்திருந்தது. கார்னிடைன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று பதில் வந்தது. டாக்டரம்மா கார்னிடைன் சிரப் எழுதினார். மூன்று வேளை, ஆயுசுக்கும். படுக்கப்போகும் முன் வயிறு நிறையச் சாப்பாடு. காய்ச்சல், வாந்தி என்றால் உடனே ஆஸ்பத்திரி. உடம்பில் மீன் வாடை வரலாம், பயப்பட வேண்டாம் என்றும் செல்வராணியிடம் சொன்னார்.

அப்புறம் அவரே கேட்டுக்கு வெளியே போய் வேலுச்சாமி முன்னால் நின்றார். நானும் போனேன்.

“இந்தப் பிள்ளை எதுக்காகவும் பட்டினி இருக்கக் கூடாது.”

“அப்ப என் மகனுக?” என்று கேட்டார்.

“இவளைப் பார்ப்போம்” என்றார் டாக்டரம்மா.

உள்ளே வரும்போது என்னிடம் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார். “அந்தக் கேள்விக்கு நாம பதில் சொல்ல வேண்டாம் குருசாமி. அவரால தாங்க முடியாது.”

பிள்ளை தேறியது. ஈரல் மேலே ஏறியது. என்னைக் கண்டால் மேசைக்கு அடியில் ஒளிகிற அளவுக்குத் தேறியது. மாதா மாதம் கூட்டி வந்தார்கள். தை மாதம் எடை கூடியிருந்ததால் டாக்டரம்மா சிரப்பின் அளவையும் கூட்டினார். மாசி மாதம் அவர்கள் வரவில்லை. பங்குனியும் பிறந்துவிட்டது. போன் போட்டால் எடுக்கவில்லை. ஒரு நாள் டாக்டரம்மா என் மேசைப் பக்கம் வந்து, “ஆமத்தூர்ப் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வர்றீங்களா?” என்றார். மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு என் டிவிஎஸ்ஸில் கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஊர் முழுக்க வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். மறுநாள் தீச்சட்டியாம். அந்த வீட்டு மதில் மேல் பூனைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றிரண்டு இல்லை, தெருவில் உள்ள அத்தனையும். சண்டை போடவில்லை, கத்தவில்லை. எல்லாம் ஒரே திசையில், வீட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. நான் வண்டியை நிறுத்தின சத்தத்துக்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை.

உள்ளே காலெடுத்து வைத்ததும் வாடை. சாம்பிராணியும் மஞ்சளும் வேப்பிலையும் மணக்கிற வீட்டுக்குள், அதற்கெல்லாம் அடியில், கருவாட்டுக் கூடையைத் திறந்த மாதிரி. முத்துமாரி மஞ்சள் பாவாடையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் புளியங்கொட்டை பரப்பியிருந்தது. ஒரு கொட்டையைத் தூக்கிப் போட்டாள். பிடிக்கக் கை எழுந்தது. கொட்டை விழுந்து உருண்டு நின்ற பிறகுதான் கை அந்த இடத்துக்கு வந்தது.

“வாங்கண்ணே” என்றார் வேலுச்சாமி. ஆள் பாதியாகியிருந்தார். “நீங்களே பாருங்க. காப்புக் கட்டுனதுலருந்து இந்த வீட்ல மீன் ஏறல, கறி ஏறல. இவ மேல வருது வாட. குளிப்பாட்டுனாலும் வருது. மாசிலருந்தே இப்படித்தான், அதான் ஆஸ்பத்திரிக்கும் வரல. கோயில்ல பொம்பளைக விலகி நிக்காக. சின்னவன் போன அன்னிக்கு வந்த வாடண்ணே இது. அதே வாட.”

“சிரப்பு?”

“நிப்பாட்டிட்டேன். அதுல எந்த மீனப் பிழிஞ்சு ஊத்திருக்கான்னு யாருக்குத் தெரியும்? காப்புக் கட்டுன அன்னிக்கே நிப்பாட்டிட்டேன். ஆனாலும் வாட முழுசாப் போகல. அதான் விரதம் இருக்க வச்சிருக்கு. இந்தத் தடவ ஒரு குத்தம் வரக் கூடாது.”

“விரதம் எப்பலருந்து?”

“சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கல. இன்னிக்கு விடிஞ்சதுலருந்தே ஒண்ணும் குடுக்கல.”

செல்வராணி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “டாக்டர் சொன்னாகன்னு நானும் சொன்னேண்ணே. வாட வரும்னு அன்னிக்கே சொன்னாகன்னு. நான் டாக்டருக்குப் பயந்து பொய் சொல்லுதேன்னு மாமா சொல்லுதாக.”

விரலில் குத்தினேன். பிள்ளை கையை இழுக்கக்கூட இல்லை. என்னைக் கண்டால் ஒளிகிற பிள்ளை. சுகர் அறுபதுக்குக் கீழே இறங்கியிருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். “விழுங்குறாளா? அப்போ சர்க்கரைத் தண்ணி, சாதம், சிரப். இப்பவே. அரை மணியில மறுபடி பாருங்க. ஏறலைன்னா தூக்கிட்டு வாங்க. போனை அவர்கிட்ட குடுங்க.” கொடுத்தேன். வேலுச்சாமி கேட்டார். சரி, சரி என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “உச்சிக்குச் சட்டி இறங்கட்டும்ணே. அப்பறம் நீங்க சொல்லுதபடி” என்றார்.

வாய் வித்தையில் என்னை அடிக்க ஆள் கிடையாது. அன்றைக்கு எல்லாவற்றையும் இறக்கினேன். அந்த வாடை மருந்து உள்ளே போனதற்கு அத்தாட்சி, கூடுதலாகக் கொடுத்ததைக் குடலில் உள்ள கிருமி தின்று வெளியே விடுகிற வாடை, அளவைக் குறைத்தால் போய்விடும் என்று சொன்னேன். அதட்டினேன். போலீஸ் என்றேன். அவர் கல் மாதிரி நின்றார்.

“நான் இரக்கப்பட்டு ஒருத்தனக் கொன்னவண்ணே” என்றார். “ஒரே ஒரு முறுக்கு. அவன் கடிச்ச சத்தம் இன்னும் கேக்குது. திரும்பவும் என் கையால குடுக்கச் சொல்லாதீக.”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. டாக்டரம்மா சொல்ல வேண்டாம் என்ற பதில்.

“முறுக்கு கொல்லல மாமா” என்றாள் செல்வராணி.

அவர் திரும்பினார்.

“அந்த முறுக்குலதான் அவன் விடியக்காலம் வரைக்கும் இருந்தான். அன்னிக்கு ஒரு வட்டல் சோறு போட்டிருந்தா எந்திரிச்சிருப்பான். சின்னவனுக்கு நம்ம அதுவும் குடுக்கல.”

மதிலில் இருந்து ஒரு பூனை முற்றத்தில் குதித்தது.

“ஒனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“அன்னிக்கு ஆஸ்பத்திரில, என் ஸ்ட்ரிப்பையும் அவ ஸ்ட்ரிப்பையும் பக்கத்துல வச்சாகளே, அப்ப.”

“ஒரு வருசமா ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க கெணத்துல விழுந்துருவீக மாமா.”

நான் வேலுச்சாமியைப் பிடிக்கப்போனேன். என் கையைத் தட்டிவிட்டார். அடுப்படிக்குள் போனார். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. சீனித் தண்ணீரை ஒரு கையிலும் பால் சோற்றை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு வந்து பிள்ளை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். மஞ்சள் பாவாடையெல்லாம் சிந்தியது. சோற்றைப் பிசைந்து முதல் வாயை ஊட்டிவிட்டு, பிள்ளை மெல்லுகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கக் கூடாததைப் பார்க்கிற மாதிரி இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“அவ சட்டிய நான் சேத்து எடுத்துக்கிடுதேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன்” என்றாள் செல்வராணி.

சிரப்பும் போனது. அரை மணியில் சுகர் நூறைத் தாண்டியது. பிள்ளை புளியங்கொட்டையைப் பிடித்தாள். படுக்கும் முன் இன்னொரு தடவை சாப்பிட வைத்தோம். நடுவில் எழுப்பிப் பால் கொடுத்தோம், விரலில் குத்திப் பார்த்தேன், நல்ல நிலையில் இருந்தது. விடியும்வரை விழித்திருப்பதாகத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைசியில் கண் அசந்துவிட்டது.

முழிப்பு வந்தபோது ஜன்னலில் வெளிச்சம் விழுந்திருந்தது. வீட்டில் எல்லாரும் எழுந்திருந்தார்கள். வேலுச்சாமியும் செல்வராணியும் பாயைச் சுற்றி நின்றார்கள். பாயில் பிள்ளை மல்லாந்து கிடந்தாள். கண் இமை முழுசாக மூடாமல் வெள்ளை தெரிந்தது. போர்வைக்குள் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறார்கள் என்றும் தெரியவில்லை. இரண்டு பேர் கையும் பக்கவாட்டில் தொங்கியது. அந்த வீட்டில் அந்தக் காலையில் பிள்ளையைத் தொட்டவர்களுக்கு என்ன தெரியவரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் தொடவில்லை.

என்னைப் பார்த்தார்கள்.

நடுவில் பார்த்த சுகர் நல்லபடியாக இருந்தது எனக்குத் தெரியும். டாக்டரம்மா சொன்ன அத்தனையும் தெரியும். இருந்தும் பயந்துகொண்டேதான் நாற்காலியில் இருந்து அந்தப் பாய்க்குப் போனேன். குனிந்தேன். கன்னத்தில் விரலை வைத்தேன்.

சூடாக இருந்தது. விரலுக்கு அடியில் கன்னம் சுருங்கியது.

“போங்க, ஊசி வேண்டாம்” என்று என் கையைத் தள்ளிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாள் முத்துமாரி. தலையணைக்குள் இருந்து, “இட்லி இருக்கா?” என்று கேட்டாள்.

தெருவில் தீச்சட்டி எடுக்கிற கூட்டத்தின் மேளம் வந்தது. குலவைச் சத்தம் வாசலில் வந்து நின்று கூப்பிட்டது. செல்வராணி சட்டியை எடுத்துக்கொண்டு அவர்களோடு கிளம்பினாள். வேலுச்சாமி போகவில்லை. இட்லி வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியாது. மூடியைத் திறப்பதும், ஆவி முகத்தில் அடிப்பதும், மூடுவதுமாக அடுப்புக்கு முன்னாலேயே நின்றார்.